பாதி நோட்டு

அப்பத்தாவின் தகரப் பெட்டிக்கு அடியில் ஒரு வாழைமரம் கிடந்தது. குலை தள்ளிய மரம். மேலே இரண்டு சுங்குடிச் சேலை, தாத்தா பேரில் கட்டிய கிஸ்தி ரசீதுகள், கடனை அடைத்த பிறகும் கிழிக்காமல் விட்ட புரோநோட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, ராமபாணம் அரித்த செய்தித்தாளின் மடிப்புக்குள், அந்த வாழைமரம் அச்சடித்த நோட்டு இருந்தது. கொண்டுவருபவர் கேட்டவுடன் ஜப்பானிய அரசாங்கம் பத்து டாலர் தருவதாக வாக்களிக்கிறது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வரிசை எண் கிடையாது. எம் என்று தொடங்கும் இரண்டு எழுத்துகள் மட்டும் சிவப்பில். எம் என்றால் மலாயா.

எங்கள் ஊர் பிளவக்கல். வத்திராயிருப்புக்கு மேற்கே, மலை இறங்கி வந்து முடிகிற இடம். தாத்தாவின் தம்பி இங்கிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான் மலாயாவைப் பிடித்த சண்டை முடிந்து 1946இல் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது இந்த மாதிரித் தாள்கள்தான் என்பார்கள். மிச்சமெல்லாம் பிள்ளைகள் விளையாடித் தீர்த்தது போக, ஒன்றை அப்பத்தா எடுத்து வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் நான் பெட்டியைக் கிளறி அதை வெளியே எடுத்தேன்.

“அத வையிய்யா. அது உங்க சின்னத்தாத்தா கூலி.”

“செல்லாத நோட்டுதான அப்பத்தா?”

“செல்லாட்டி என்ன? அவரு வெட்டுன பாலு வெட்டுனதுதான.”

நோட்டு சேகரிக்கிறவர்களோடு பின்னாளில் பழகியபோது, அவர்கள் சொல்கிற எந்த விலையைவிடவும் இந்தப் பதில்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. தமிழில் பணத்துக்குக் கால் உண்டு. அது செல்லும், அல்லது செல்லாது. செல்வம் என்ற சொல்லுக்குள்ளேயே செல்லுதல் இருக்கிறது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். நடக்க முடியாமல் போன பணத்தை உட்காரவைத்து முகம் பார்க்கிறவர்கள்தான் சேகரிப்பாளர்கள்.

*

உலகத்தில் இந்த வேலையை மிகுந்த பிடிவாதத்தோடு செய்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மேற்குலகில் ஓர் அரசாங்கமே பொறுப்பேற்றுக் காகிதப் பணம் வெளியிட்டது முதலில் அவர்கள் மண்ணில்தான். 1690இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து ஒரு படை கியூபெக்கைப் பிடிக்கப் போனது. கொள்ளையடித்த பொருளில் சம்பளம் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். படை தோற்றுத் திரும்பியது. கஜானாவில் காசு இல்லை, வாசலில் சிப்பாய்கள். அரசாங்கம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது: இதை வைத்துக்கொள், நீ கட்டவேண்டிய வரிக்கு இதையே வாங்கிக்கொள்கிறேன். மேற்குலகின் முதல் அரசாங்க நோட்டு, தோற்றுப்போன சண்டைக்கான கூலி பாக்கி. சின்னத்தாத்தாவின் நோட்டுக்கு அது தூரத்துச் சொந்தம்.

அதே 1690இல் நம் சென்னையில், ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் எலிகு யேல். அவர் பிறந்தது மாசசூசெட்ஸின் பாஸ்டனில். அவர் பிறந்த ஊர் காகிதத்தில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் ஆண்ட ஊரில் எல்லாம் உலோகம். பொன்னில் வராகன், அதற்குக் கீழே பணம், அதற்கும் கீழே செம்பில் காசு. இன்றைக்கு நாம் பொதுவாகச் சொல்கிற ‘பணம்’ அன்று ஒரு சின்ன நாணயத்தின் பெயர். ‘காசு’ இன்னொன்றின் பெயர். ‘ரூபாய்’க்குள் வெள்ளி இருக்கிறது. காகிதப் பணத்துக்கு என்று நம்மிடம் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. நோட்டு என்கிறோம். ஊர்ப்பக்கம் நூறு ரூபாத் தாள் என்கிறோம். வெளியிலிருந்து வந்த பொருள் வெளிச்சொல்லோடு வந்தது. அந்தச் சொல் புரோநோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது பொருத்தமான இடம். ரூபாய் நோட்டும் ஒரு கடன் சீட்டுதான். கடன் வாங்கியது அரசாங்கம் என்பதால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் குடியேற்றங்களின் நோட்டுகளில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்தவர். நோட்டு அடித்துக் கொடுப்பது அவருக்கு நல்ல தொழில். கள்ளநோட்டுக்காரர்கள் எந்தச் சித்திர வேலையையும் செதுக்கிப் பார்த்து நகலெடுத்துவிடுவார்கள். 1730களின் கடைசியில் அவர் ஒரு வழி கண்டார். நோட்டின் பின்புறம் ஓர் இலையை அச்சிட்டார். வரைந்த இலை இல்லை, செடியில் பறித்த இலை. புங்கை இலை ஒன்றைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடு நரம்பு, அதிலிருந்து கிளை நரம்பு, அதிலிருந்து வலை போல மயிரிழை நரம்புகள். ஓர் இலையில் இருப்பது பக்கத்து இலையில் இருக்காது. எந்தச் செதுக்குக்காரனுக்கும் அந்த வலை கைக்கு வராது. ஈரத்துணியில் இலையை விரித்து, பிளாஸ்டரில் பதித்து, அந்த அச்சில் எழுத்து வார்க்கிற ஈயக் கலவையை ஊற்றி எடுத்த கட்டைகள் அவை. செய்முறையை ஃபிராங்க்ளின் ரகசியமாக வைத்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை விளக்கியவர் ஒரு சேகரிப்பாளர். செயின்ட் லூயிஸ் நகரத்து வழக்கறிஞர் எரிக் நியூமன். சிறுவயதில் தாத்தா கொடுத்த ஒரு காசில் தொடங்கியவர். 1967இல் அமெரிக்காவின் ஆரம்பகாலக் காகிதப் பணம் பற்றி அவர் வெளியிட்ட நூல்தான் இன்றுவரை அந்தத் துறையின் பஞ்சாங்கம். 106 வயது வாழ்ந்து 2017இல் காலமானார்.

அந்த நோட்டுகள் சிலவற்றில் இன்னொரு வாசகமும் இருந்தது: கள்ளநோட்டு அடித்தால் மரணம். ஒரு பக்கம் இலை, மறுபக்கம் தூக்குக் கயிறு. நம்பிக்கையை இரண்டு வழியில்தான் காப்பாற்ற முடியும் என்று அந்தக் காலம் நினைத்திருக்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தவன் கள்ளநோட்டுக்காரன் மட்டும் இல்லை. 1775இல் பிரிட்டனோடு சண்டை தொடங்கியதும் அமெரிக்கக் காங்கிரஸ் சொந்த நோட்டு அடித்தது. வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனாலும் அடித்துக்கொண்டே போய், 1779க்குள் 24 கோடி டாலரைத் தாண்டியது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிளவக்கல் பெரியாறு அணையின் முழு உயரம் 47.56 அடி. அணையில் எத்தனை அடி நிற்கிறதோ, அதற்குத்தான் மடை திறக்க முடியும். கடைமடைக்காரன் கூச்சல் போடுகிறான் என்பதற்காக வறண்ட அணையின் ஷட்டரைத் தூக்கினால் வருவது சகதி. காங்கிரஸ் தூக்கியது வறண்ட அணையின் ஷட்டரை. போதாதென்று பிரிட்டிஷ்காரர்கள் கள்ளநோட்டு அடித்து உள்ளே விட்டார்கள். 1781 வாக்கில் அந்த நோட்டு செத்தது. 1790இல் போட்ட சட்டம் நூறு டாலர் நோட்டுக்கு ஒரு டாலர் கணக்கில் முடித்துவைத்தது. ஒன்றுக்கும் உதவாததைச் சொல்ல அந்த நோட்டின் பெயரையே அமெரிக்கர்கள் பழமொழியாக்கிவிட்டார்கள்.

இன்று அதே நோட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள். அவற்றில் பல, மடிப்பில் கிழிந்து ஊசி நூலால் தைக்கப்பட்டவை. சிலவற்றின் முதுகில் பழைய செய்தித்தாள் துண்டு ஒட்டியிருக்கிறது. நாளுக்கு நாள் மதிப்பு இறங்கிய காகிதத்தை யாரோ ஒரு வீட்டில் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். கிழிந்த ரவிக்கையைத் தைக்கிற அதே கவனத்தோடு.

*

சென்னை ராஜதானியின் காகிதப் பணம் வேறு பாதையில் வந்தது. 1806இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு அரசாங்க வங்கி ஒன்றைத் தொடங்கினார். 1843இல் பாங்க் ஆஃப் மெட்ராஸ் வந்தது. அது வெளியிட்ட நோட்டில் சர் தாமஸ் மன்றோவின் உருவம் இருந்தது. 1820 முதல் 1827 வரை கவர்னராக இருந்து, உழவனிடமே நேரடியாக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறையை இந்த மண்ணில் ஊன்றிய அதே மன்றோ. சென்னையில் சேணம் இல்லாத குதிரையின் மேல் சிலையாக உட்கார்ந்திருப்பவர். அப்பத்தாவின் பெட்டியிலிருந்த கிஸ்தி ரசீதுகளுக்கு மூலபுருஷர். மூன்று ராஜதானி வங்கிகளில் மிகக் குறைவாக நோட்டு வெளியிட்டது சென்னை வங்கிதான். அதனாலேயே அவை அரிய பொருளாகிவிட்டன. அந்த வங்கி 1921இல் இம்பீரியல் வங்கிக்குள்ளும், 1955இல் ஸ்டேட் பாங்குக்குள்ளும் கரைந்தது.

1861இல் காகிதப் பணச் சட்டம் வந்து, நோட்டு வெளியிடுகிற உரிமையை வங்கிகளிடமிருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுத்தது. திட்டம் போட்டவர் ஜேம்ஸ் வில்சன். லண்டனில் எகனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர், இந்திய அரசின் முதல் நிதி உறுப்பினராக வந்து, சட்டம் நிறைவேறும் முன்பே 1860இல் கல்கத்தாவில் இறந்துபோனார். நான்கு கோடி ரூபாய் வரைக்கும் அரசாங்கக் கடன் பத்திரத்தை ஈடாகக் காட்டலாம், அதற்கு மேல் வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் நாணயமோ வெள்ளியோ இருப்பில் இருக்கவேண்டும் என்றது சட்டம். அணைக்கு அடி கணக்கு போட்டுவிட்டார்கள்.

விக்டோரியா மகாராணி முகம் போட்ட முதல் நோட்டுகள் 10, 20, 50, 100, 1000 ரூபாய்க்கானவை. இங்கிலாந்தில் கையால் வார்த்த காகிதம். ஒரு பக்கம்தான் அச்சு, பின்புறம் வெறுமை. அந்த வெற்றுமுதுகில் கைமாறியவர்கள் கையெழுத்தும் கணக்கும் கிறுக்கினார்கள். புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்துப் பழகிய கைக்கு அது இயல்பாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு நோட்டும் ஒரு வட்டத்துக்குச் சொந்தம். சென்னை வட்டத்து நோட்டை உரிமையோடு நீட்டி வெள்ளி கேட்க வேண்டுமானால் சென்னை வட்டத்துக்குள்தான் கேட்கவேண்டும். கல்கத்தா நோட்டு இங்கே தயவுக்குத்தான் செல்லும். 1903க்கும் 1911க்கும் இடையில்தான் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் படிப்படியாக நாடு முழுவதும் செல்லத் தொடங்கின. எந்த வட்டத்து நோட்டோ அந்த வட்டத்து மொழி அதில் இருந்தது. நோட்டில் தமிழ் ஏறியது அப்படித்தான். இன்றைக்கும் நோட்டின் பின்புறம் பதினைந்து மொழிகளின் வரிசையில் பதின்மூன்றாவது வரி நம்முடையது.

அந்தக் காலத்துப் பழக்கங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று. தூரத்து ஊருக்குப் பணம் அனுப்புகிற வியாபாரி, நோட்டைச் சரிபாதியாக வெட்டுவான். ஒரு பாதி இன்றைய தபாலில் போகும். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு அடுத்த பாதி. வழியில் திருடியவனுக்குக் கிடைப்பது வெறும் காகிதம். நோட்டு எண்ணை இரண்டு இடத்தில் அச்சிட்டிருந்ததால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சாட்சி. வாங்கியவன் எண்ணை ஒத்துப் பார்த்து ஒட்டுவான். ஒட்டிய தழும்போடு நோட்டு மறுபடியும் நடக்கத் தொடங்கும். இன்றைக்கு ஏலத்தில் வருகிற அக்கால நோட்டுகளில் நடுவில் ஒட்டுப் போட்டவை நிறைய. பாதியாகவே வருபவையும் உண்டு. ஒரு பாதி வந்தது, மறுபாதி வரவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

*

1862 மார்ச் 1ஆம் தேதி முதல் இங்கே வங்கிகளின் நோட்டு உரிமை முடிவுக்கு வந்தது. அதற்குச் சரியாக நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 25ஆம் தேதி, வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உள்நாட்டுப் போருக்குப் பணம் இல்லாமல், பச்சை முதுகுக்காரன் என்று பெயர் பெற்ற அரசாங்க நோட்டை வெளியிடும் சட்டம். உலகத்தின் இரு முனைகளில் ஒரே வாரத்தில் அரசாங்கங்கள் காகிதத்தைக் கையில் எடுத்தன.

அந்தப் போர் எங்கள் பக்கத்தையும் தொட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பஞ்சு நின்றுபோனதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்குப் பறந்தன. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறியது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிறந்தபோதுதான் பிரிந்தன. கரிசல் காட்டுப் பஞ்சுக்கு விலை ஏறியது. விலையாக வந்தது பெரும்பாலும் வெள்ளி. சம்சாரி அதைத் தண்டையாகவும் அரைஞாணாகவும் மாற்றிக்கொண்டான். புதிதாக வந்த காகிதத்தை அவன் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டான். அன்றைக்குக் குறைந்தபட்ச நோட்டே பத்து ரூபாய். கூலிக்காரனுக்கு ஒரு மாதம் முழுக்க உழைத்தாலும் கிடைக்காத தொகை. கிராமத்துப் பெட்டிகளில் ராணிமுக நோட்டு கிடைக்காததற்குக் காரணம் இதுதான். நாம் தொலைக்கவில்லை, நமக்கு அது வரவே இல்லை.

காகிதம் சாமானியன் மடிக்கு வந்தது முதல் உலகப்போரில். வெள்ளி விலை ஏறியது, நாணயம் அடிக்க வெள்ளி இல்லை. 1917 நவம்பர் 30ஆம் தேதி ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அடுத்து வந்தது இரண்டரை ரூபாய் நோட்டு. ஒரு ரூபாய் நோட்டில் வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சடித்திருந்தார்கள். இருபத்தைந்து நோட்டு கொண்ட சிட்டையாகத் தைத்து, கிழித்துக் கொடுக்கும்படி வந்தது. படத்துக்கு யார் மயங்குவார்கள்? நோட்டை நீட்டி வெள்ளி கேட்கிற கூட்டம் 1918இல் அரசாங்கத்தை மூச்சுமுட்ட வைத்தது. வெள்ளி தீர்ந்துவிட்டால் வாக்கு பொய்த்துவிடும். கைகொடுத்தது அமெரிக்கா. அந்த ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி 25 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர் நாணயங்களை உருக்கிப் பாளமாக்கி இந்தியாவுக்காக விற்றார்கள். ஒரு காலத்தில் தன் சொந்தக் காகிதத்தின் வாக்கைக் காப்பாற்ற முடியாத நாடு, நம் காகிதத்தின் வாக்கைத் தன் நாணயத்தை உருக்கிக் காப்பாற்றிக் கொடுத்தது. வத்திராயிருப்புப் பக்கம் எந்தக் கிழவியின் காலில் எந்த டாலர் தண்டையாகக் கிடந்ததோ.

அதே 1918 ஜூலையில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஷிராலா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி வீழ்த்தியது. வெடிமருந்திலிருந்து பழப்பாகு வரை ஏற்றிய கப்பல். அதில் கையெழுத்துப் போடாத ரூபாய் நோட்டுக் கட்டுகளும் இருந்தன. அவற்றில் சில கரை ஒதுங்கின. 1918 மே 25 தேதியிட்ட பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டு 2024இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஒரு கை கூட மாறாத நோட்டுகள். அவற்றின் மேல் இருந்தது கடல் மட்டும்.

*

சேகரிப்பாளர்களின் பேச்சில் ஒரு நோட்டின் உயிர் அதன் நிலையில் இருக்கிறது. மடிப்பு விழாத நோட்டுக்கு ஒரு விலை, ஒரு மடிப்புக்கு ஒரு விலை, பஞ்சாய்ப் போனதற்கு ஒரு விலை. கல்யாண மொய்க்கும் தீபாவளிக் கைநீட்டத்துக்கும் நாம் தேடுகிற சலவை நோட்டுக்குத்தான் அங்கேயும் மரியாதை. இந்திய நோட்டுகளுக்கென்று ஒரு தழும்பு உண்டு. இடது ஓரத்தில் ஊசி ஓட்டை. கட்டைப் பின்னடித்து வைப்பது நம் வங்கிகளின் நெடுநாள் வழக்கம். 2001இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதற்கு முந்திய சலவை நோட்டில்கூட இரண்டு ஓட்டை இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதைக் குறை என்று எழுதிவைப்பார். நான் அதைக் காதுகுத்து என்று எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளை என்பதற்கு அடையாளம்.

தமிழ்நாட்டில் காசு சேகரிப்புக்குப் பெரிய பரம்பரை உண்டு. சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதி நாணயத்தைப் படித்துச் சொன்ன தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அதன் உச்சி. செம்புக்காசு நமக்கு வரலாறு. காகிதம் அந்த மரியாதையைப் பெறவில்லை. காகிதத்துக்கு அதை வாங்கிக்கொடுத்தவர் பெங்களூரில் இருக்கிறார். கட்டுமானத் தொழிலதிபர் ரிஸ்வான் ரசாக். தன் தாத்தாவின் பெட்டகத்தில் ஒரு கட்டு இந்திய நோட்டைப் பார்த்தார். அவற்றில் பாகிஸ்தான் அரசு என்று மேலச்சு. அதற்கும் மேலே, பாகிஸ்தான் நோட்டு, பணம் தர மறுக்கப்பட்டது என்று ரப்பர் ஸ்டாம்பு. பிரிவினைக்குப் பிறகு கொஞ்சகாலம் நம் ரிசர்வ் வங்கி நோட்டிலேயே மேலச்சு போட்டுத்தான் பாகிஸ்தான் ஓட்டியது. எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொண்ட நோட்டுகள் அவை. தாத்தா அதை ஏன் தூக்கி எறியவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய சேகரம், 2020இல் இந்தியக் காகிதப் பணத்துக்கான அருங்காட்சியகமாகப் பெங்களூரில் திறந்தது.

நம் பக்கத்தில் பழைய நோட்டு என்றால் காதில் விழுவது வேறு கதை. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறதா, 786 என்று முடிகிற எண் இருக்கிறதா, லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று செல்போனில் வீடியோ வருகிறது. முதலில் பதிவுக்கட்டணம் கட்டு, பிறகு வரி கட்டு என்று கறந்துகொண்டு ஆள் மறைந்துவிடுவான். தன் பெயரைச் சொல்லி இப்படி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. என் சொந்தத்தில் ஒருவர் அப்படி எட்டாயிரம் ரூபாய் இழந்தார். டிராக்டர் நோட்டு இன்னும் அவர் பர்ஸில்தான் இருக்கிறது. கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குச் செல்லும்.

2025 கோடையில் பக்கத்து ஊரான கூமாப்பட்டியைப் பற்றி ஓர் இளைஞர் போட்ட ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தண்ணீரும் பச்சையும் பார்க்கக் கார்கள் வரிசைகட்டி வந்தன. அணைக்குள் போக அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்கள் ஏமாந்தார்கள் என்று சிரித்தோம். ஆனால் கைமாறக் கைமாற மதிப்பு ஏறுகிற ஒரு வாக்கு எப்படிப் பிறக்கிறது, யாராவது நேரில் வந்து நீட்டிக் கேட்கும்போது அது எப்படித் தடுமாறுகிறது என்பதை நான் அன்றைக்கு எங்கள் ஊர் ரோட்டில் நின்று பார்த்தேன். 1918இல் வெள்ளி கேட்டு நின்ற வரிசையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

*

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த ஆண்டு அதற்கு ஒரு சட்டம் வந்தது. செல்லாத அந்த நோட்டில் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருந்தால் குற்றம். குறைந்தபட்சம் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதில் ஒரு விலக்கு: படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நாணயவியலுக்கும் என்றால் இருபத்தைந்து நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம். செத்த பணத்துக்கும் ஒரு வாரிசு உண்டு என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அங்கேதான்.

அந்த வாரிசின் வேலை என்ன? விலை தெரிந்துகொள்வது அதில் சிறிய பங்கு. மலாயாவின் வாழைமர நோட்டு கணக்கில்லாமல் அடித்துக் குவித்தது. இன்றைக்கும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஏலக்காரர் என் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்து இந்தக் காகிதத்துக்கு மதிப்பு கிடையாது என்று அறிவித்தபோது, தோட்டத்து லயத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் மூன்றரை வருட உழைப்பு ஒரே நாளில் வாழை இலையாகிப்போனது என்பதற்கு, வேறு எந்த ரசீதும் அவர்கள் கையில் இல்லை. நோட்டின் ஒரு பாதி அரசாங்கம் அச்சடிப்பது. மறுபாதி அது யார் மடியில் இருந்தது, எதற்குக் கூலியாக வந்தது, ஏன் கடைசிவரை மாறாமல் தங்கியது என்பது. முதல் பாதி எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. இரண்டாவது பாதி வீடுகளில் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் நோட்டுக்குச் செய்யவேண்டியதைத் தாமதமாகத்தான் செய்தேன். அப்பத்தா போன பிறகு, அவள் சொன்னதில் நினைவிருப்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். சின்னத்தாத்தாவின் பெயர், மலாயா, 1946, ரப்பர்த் தோட்டக் கூலி. எந்தத் தோட்டம் என்று கேட்டுவைக்கவில்லை. அந்த வரி காலியாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஏதாவது ஒரு தாள் இருக்கும். பர்மா நோட்டு, இலங்கை நோட்டு, ஜார்ஜ் ராஜா முகம் போட்டது, அல்லது 2016இல் மாற்ற மறந்த ஒற்றை ஐந்நூறு. அதை இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். மடிப்பும் எண்ணெய்க் கறையும் அப்படியே இருக்கட்டும். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, இது யாருடையது, எந்த ஊரில் சம்பாதித்தது என்று கேளுங்கள். சொன்னதைத் தனிச் சீட்டில் எழுதி நோட்டோடு வையுங்கள். பேனா வேண்டாம், மை காகிதத்தில் ஊறும். பென்சில் போதும்.